மாசக் கடைசி வந்தாலே மூச்சு முட்டுகிறது: வீடு விற்கிற வேலையில் இதற்கு வழி இருக்கிறதா?

கேட்டிருக்கும் தம்பி பாளையங்கோட்டையில் ஒரு பில்டரிடம் விற்பனைப் பிரிவில் இருக்கிறார். தனி வீடு, அடுக்குமாடி இரண்டும் விற்கிற கம்பெனி. மாதம் 20ஆம் தேதி தாண்டினால் டார்கெட், பத்திரப்பதிவு, பேங்க் லோன் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் போன் அடிக்கிறது. ஒன்றாம் தேதி கொஞ்சம் மூச்சு விட்டால் அடுத்த மாசமும் அதே கதை. "இதைச் சமாளிக்க வழி இருக்கா அண்ணாச்சி, இல்ல வேலையையே விட்டுரணுமா?" என்று கேட்கிறார்.

வழி இருக்கு தம்பி. வேலையை விடுவதைப் பற்றிக் கடைசியில் பேசலாம்.

இந்தத் தொழிலில் ரொம்ப காலம் விற்றிருக்கிறேன், அப்புறம் விற்கிறவர்களை வைத்து வேலையும் வாங்கியிருக்கிறேன். அதில் பார்த்தது இதுதான்: நம்ம பக்கம் வீடு வாங்குகிறவர்களுக்கு ஒரு காலண்டர் உண்டு, கம்பெனிக்கு வேறொரு காலண்டர் உண்டு. முதலாவது பஞ்சாங்கம். இரண்டாவது, 30ஆம் தேதியோடு முடிகிற எக்செல் ஷீட். இரண்டையும் யாரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை. நடுவில் மாட்டுகிறவர் நீங்கள். ஆனால் இரண்டுமே முன்கூட்டி அச்சடித்து வருகிற காலண்டர். அதனால் எந்த மாசம் இறுக்கும், எந்த வாரம் இறுக்கும் என்பது தை மாசமே தெரிந்துவிடும். திடீரென்று வருவது போலத் தோன்றுவதற்குக் காரணம், அதை நாம் 20ஆம் தேதிக்கு மேல்தான் பார்க்கிறோம்.

ஒரு மாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு கழியுங்கள். செவ்வாய்க்கிழமை பத்திரம் போட முக்கால்வாசிப் பேர் சம்மதிக்க மாட்டார்கள். அஷ்டமி, நவமி போச்சு. கரிநாள் போச்சு. தேய்பிறையில் வேண்டாம் என்கிற வீடுகளும் உண்டு. அதையும் கழித்தால் மிஞ்சுவது ஏழெட்டு நாள். அந்த நாட்களிலும் ராகு காலம், எமகண்டம் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், ஆனால் 10.30 முதல் 12 வரை ராகு காலம். காலைப் பொழுது இரண்டாக உடைந்துவிடும். திங்களன்று அதே 10.30 முதல் 12 வரை எமகண்டம். புதனுக்கு ராகு காலம் 12 மணிக்கு மேல்தான், எமகண்டம் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடும். வியாழனுக்கு ராகு காலம் ஒன்றரைக்கு. ஆக, காலைப் பொழுது முழுசாகக் கிடைப்பது புதனும் வியாழனும்தான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பெரியவர்கள் சொன்னது சார்பதிவாளர் ஆபீஸில் டோக்கன் போடுகிறவனுக்கு அப்படியே பொருந்தும்.

இந்தக் கணக்கை நாம் மட்டும் போடுவதில்லை, ஊரே போடுகிறது. அதனால்தான் முகூர்த்த நாட்களில் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிறது: ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்தில் 100க்குப் பதில் 150, இரண்டு பேர் உள்ள இடத்தில் 200க்குப் பதில் 300 என்று அறிவிப்பு வரும். அப்படியும் நமக்கு வேண்டிய நேரம் காலியாக இருக்காது. கஸ்டமர் "25ஆம் தேதிக்கு மேல் ஒரு நல்ல நாளாப் பாருங்க" என்று சொன்ன அன்றைக்கே எந்த நாள், எந்த நேரம் என்று பேசி முடித்துவிட வேண்டும். "பாத்துக்கிடலாம்" என்று விட்டால் அது 29ஆம் தேதி உங்கள் தலையில்தான் விழும்.

வருஷக் கணக்கையும் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஒரு காலாண்டு என்று கம்பெனி வைத்திருக்கிறது. ஜூலை பாதியில் ஆடி பிறக்கிறது. ஆகஸ்ட் பாதி வரை புது வீடு பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்கள். செப்டம்பர் பாதியில் புரட்டாசி; பால் காய்ச்ச மாட்டார்கள். ஆக மூன்று மாத டார்கெட்டில் பெரும்பகுதியை ஆவணி என்கிற ஒரே மாசம் சுமக்கிறது. செப்டம்பர் கடைசியில் உங்கள் ஆபீஸில் ஏன் தீப்பிடிக்கிறது என்று இப்போது புரியும். டிசம்பரும் இப்படித்தான்: பாதியில் மார்கழி வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு அது மழைக்காலம். 2023 டிசம்பரில் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு தண்ணீரில் நின்றதைப் பார்த்த பிறகு, "இந்த இடத்துல வெள்ளம் வந்துச்சா?" என்று கேட்காத கஸ்டமர் கிடையாது. அதற்கு உண்மையான பதிலை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மாசக் கடைசியில் அந்தக் கேள்விக்கு முழித்தால் நல்ல புக்கிங் நழுவும்.

ஆடி என்றால் சும்மா உட்கார வேண்டும் என்று அர்த்தம் இல்லை. நம்ம ஊரின் வசதியே அதுதான். மேலப்பாளையம் முஸ்லிம் குடும்பங்களும் பாளையங்கோட்டை கிறிஸ்தவக் குடும்பங்களும் ஆடியை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. வளைகுடா நாடுகளில் பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்டில்தான். அங்கே வேலை பார்க்கிறவர்கள் குடும்பத்தோடு ஊருக்கு வருவது அப்போதுதான். அவர்களுக்கு லீவு முடிவதற்குள் வேலை முடிய வேண்டும், நாள் நட்சத்திரம் இரண்டாம்பட்சம். (கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளுக்கும் தனிக் கணக்கு உண்டு. தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் புதுமனை புகுவிழா வைக்கத் தயங்குவார்கள். ரம்ஜான் நோன்பு மாசத்தில் மதியம் சைட் பார்க்கக் கூப்பிடுவது நியாயம் இல்லை.) சென்னையில் இருக்கும் நம்மாட்கள் ஊர்க் கோயில் கொடை விழாவுக்கு வருகிற நேரத்தைப் பிடியுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் இறங்கி, ராத்திரி அதே வண்டியில் திரும்பப் பார்ப்பார்கள். அவர்களுக்கு வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பேப்பர் எல்லாம் ஒரு பைலில் தயாராக இருந்தால், மறு வருகைக்காக ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம். ஆடிப்பெருக்கன்று பத்திரம் போட விரும்புகிற ஆட்களும் இருக்கிறார்கள். பதிவுத்துறை அன்றைக்கும் கூடுதல் டோக்கன் கொடுத்திருக்கிறது.

அப்புறம், வாங்குகிறவர் கையில் பணம் எப்போது வரும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டையில் வாத்தியார், பேராசிரியர் வீடு இல்லாத தெரு குறைவு. மே கடைசியில் ரிட்டயர் ஆகிறவருக்குப் பணம் அதற்கு அப்புறம்தான் கைக்கு வரும். அவரை மே மாச டார்கெட்டில் எழுதுவது வீண். தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுத்து முடிகிற வரை விவசாயி வீட்டில் "பாப்போம்" என்பதுதான் பதில். சீட்டு எடுத்துத்தான் முன்பணம் என்கிறவரிடம், சீட்டு எந்த மாசம் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாசக் கடைசியில் நின்றுபோகிற பத்திரங்களில் பெரும்பாலானவை இங்கேதான் நிற்கின்றன. கட்டி முடித்து நிறைவுச் சான்று வாங்கிய தனி வீடு, விலை 45 லட்சம், முழுத் தொகைக்கும் கிரையப் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி கிடையாது. "லோன் போட்டுக்கிடலாம் அண்ணாச்சி" என்று கஸ்டமர் சந்தோஷமாகப் புக்கிங் போடுவார். ஆனால் ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் கொடுக்கலாம். அது 36 லட்சம். மீதி 9 லட்சம் அவர் கையில் இருக்க வேண்டும். பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது 4,05,000 ரூபாய். பேங்க் இதைக் கணக்கில் சேர்க்காது. ஆக லோன் போக 13 லட்சத்துக்கு மேல் அவரே புரட்ட வேண்டும். அதற்கு மேல் பேங்கின் பிராசஸிங் கட்டணம், வக்கீல் பீஸ், எம்ஓடி (வீட்டுப் பத்திரத்தை லோனுக்கு ஈடாக பேங்கில் ஒப்படைக்கிற ஆவணம்) பதிவுச் செலவு. கஸ்டமர் மனசில் வைத்திருந்தது 9 லட்சம் மட்டும். 27ஆம் தேதி போன் வரும்: "தம்பி, நாலு லட்சம் குறையுதுல்லா... மச்சினன்ட்ட கேட்டிருக்கேன், நகையும் வைக்கணும், ஒரு வாரம் பொறுங்க." அந்த ஒரு வாரத்தில் உங்கள் மாசம் முடிந்துவிடும்.

இதைத் தவிர்க்க ஒரே வழி, புக்கிங் அன்றே ஒரு வெள்ளைத் தாளில் இந்தக் கணக்கை அவர் கண் முன்னால் எழுதுவது. ஒவ்வொரு தொகைக்கும் நேராக அது எங்கிருந்து வருகிறது, எந்தத் தேதிக்கு வருகிறது என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நகைக் கடனா, பிஎஃப் பணமா, அண்ணன் கொடுப்பதா, பழைய மனை விற்று வருவதா? பழைய மனை விற்றுத்தான் என்றால், அந்த மனைக்கு ஆள் கிடைக்கும் வரை இவர் இந்த மாச லிஸ்டில் இல்லை. விற்கிறவனே செலவைச் சொல்லி ஆளைப் பயமுறுத்தலாமா என்று உங்கள் மேனேஜர் கேட்கலாம். முதல் நாளே பயந்து போகிறவர் 27ஆம் தேதியும் போகத்தான் போகிறார். நடுவில் உங்கள் மூன்று வார உழைப்பாவது மிஞ்சட்டும்.

பேப்பர் விஷயம் அடுத்தது. லோன் பைல் பேங்க் வைத்திருக்கிற வக்கீலிடம் போய், இன்ஜினியர் மதிப்பீடு முடிந்து, ஒப்புதல் வர இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம். 15ஆம் தேதி பைல் கொடுத்துவிட்டு 30ஆம் தேதி செக் எதிர்பார்ப்பது பேராசை. வியாபாரிகளின் பைல் இன்னும் நீளும். மூன்று வருஷ வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சின்ன விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பான் கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், சம்பளச் சீட்டில் அதுவும் இல்லாமல் இருக்கும். மூலப்பத்திரத்தில் ஒரு வாரிசின் கையெழுத்து விட்டுப்போயிருக்கும். துபாயில் இருக்கிற கணவர் தன் சார்பில் கையெழுத்துப் போட மனைவிக்குப் பவர் பத்திரம் அனுப்பியிருப்பார். இந்தியத் துணைத் தூதரகத்தில் அட்டெஸ்ட் ஆகி வந்திருக்கும், ஆனால் இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது தெரியாமல் பீரோவில் தூங்கும். இதெல்லாம் டோக்கன் எடுத்த பிறகு தெரிந்தால் நாளும் போகும், கஸ்டமர் மனசும் கசந்துபோகும். "நல்ல நாள் தட்டிப்போச்சே, இது நமக்கு அமையாதோ" என்று வீட்டில் பெரியவர்கள் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அவர்களைத் திருப்புவது கஷ்டம்.

எனவே மாசத்தின் முதல் பத்து நாளை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலான ஆபீஸ்களில் அது ஓய்வுக் காலம். போன மாசக் களைப்பு, டீக்கடை, புது ஆபர் என்ன என்கிற பேச்சு. அந்தப் பத்து நாளில் பைல் வேலையை முடிக்கிறவன் 25ஆம் தேதி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான். ஒரு நோட்டு போடுங்கள். கையில் இருக்கிற ஒவ்வொரு கஸ்டமருக்கும் பணம், பேப்பர், நாள், வீட்டில் சம்மதம் என்று நாலு விஷயம் மட்டும் பாருங்கள். நாலாவதைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஐயா முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், அம்மா இன்னும் வீட்டையே பார்த்திருக்க மாட்டார்கள். வந்து பார்த்து "அடுப்படி இந்தப் பக்கம் இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முதலிலிருந்து. நாலில் ஒன்று இல்லாவிட்டாலும் அவர் அடுத்த மாசக் கஸ்டமர். மனசு கேட்காது, ஆனாலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

இந்த நோட்டோடு 10ஆம் தேதி வாக்கில் மேனேஜரிடம் போங்கள். 28ஆம் தேதி அவர் உங்களைத் தேடி வருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. "சார், இந்த மாசம் உறுதியா ரெண்டு பத்திரம். மூணாவதுல பணம் ரெடி, பேங்க் வக்கீல் ஒப்புதல் வரணும். நீங்க பேங்க்ல ஒரு வார்த்தை சொன்னா வந்துரும். நாலாவது ஆளு வாய்வார்த்தை மட்டும்தான், அவரை எழுதாதீங்க" என்று சொல்லுங்கள். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரிடம் சொல்ல இவருக்கு ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பாதி சத்தம் குறையும். முதல் மாசம் "ரெண்டா? வெக்கமா இல்ல?" என்று திட்டு விழும். மூன்றாவது மாசம் நீங்கள் சொன்ன எண்ணே வந்திருக்கும்போது, கூட்டத்தில் உங்களை விட்டுவிட்டு அடுத்த ஆளைக் கேட்பார். அந்த மாதிரி இல்லாமல் என்ன சொன்னாலும் "எனக்கு அதெல்லாம் தெரியாது, அஞ்சு வேணும்" என்று மட்டுமே சொல்கிறவராக இருந்தால், அது உங்களைப் பற்றிய பிரச்சினை இல்லை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். நெருக்கடியில் பொய் புக்கிங் போடாதீர்கள். சித்தப்பா பேரில் பத்தாயிரம் கட்டி எண்ணிக்கை காட்டிவிட்டு அடுத்த மாசம் ஐந்தாம் தேதி கேன்சல் செய்வது நம்ம ஊர் ஆபீஸ்களிலும் நடக்கிறதுதான். இந்த மாச ஓட்டையை அடுத்த மாசத்திலிருந்து துணி கிழித்துத் தைக்கிற வேலை அது. அடுத்த மாசம் நீங்கள் தொடங்குவதே மைனஸில். அதே மாதிரி, "இந்த மாசத்தோட விலை ஏறுது", "லோன் கண்டிப்பா கிடைக்கும், நான் கேரண்டி" என்று வாய் விடுவதும் வேண்டாம். வீடு விற்பனையை முறைப்படுத்துகிற ரெரா சட்டம் 2016இலிருந்து இருக்கிறது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது. மாசக் கடைசியில் வசூல் கணக்குக் காட்டுவதற்காக "இன்னும் அஞ்சு லட்சம் போட்டு வைங்க" என்று கஸ்டமரை நெருக்கச் சொன்னால், அந்த 10 சதவீதக் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கம்பெனி சொல்லித்தான் செய்தேன் என்று பிறகு நீங்கள் சொன்னாலும், தெருவில் பார்க்கும்போது கஸ்டமர் பிடிக்கப்போவது உங்கள் சட்டையைத்தான். திருநெல்வேலி சின்ன ஊர். கேடிசி நகரில் சொன்ன பொய் மாலைக்குள் பெருமாள்புரத்துக்கு வந்துவிடும்.

உடம்பைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. சனி, ஞாயிறு உங்களுக்கு வேலை நாள், சரி. அதற்குப் பதில் வாரத்தில் ஒரு நாள் லீவு உங்களுக்கு உரியது. மாசக் கடைசி வாரத்திலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள். ராத்திரி எட்டரைக்கு மேல் வருகிற கேள்விகளுக்கு "காலைல ஒன்பது மணிக்குக் கூப்பிடுதேன் சார்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, சொன்னபடி ஒன்பதுக்குக் கூப்பிடுங்கள். சொன்ன நேரத்துக்குப் போன் வந்தால் எந்தக் கஸ்டமரும் கோபித்துக்கொள்வதில்லை. சைட்டிலிருந்து தூக்கக் கலக்கத்தில் நான்கு வழிச்சாலையில் பைக் ஓட்டுவதை முதலில் நிறுத்துங்கள்; எந்த டார்கெட்டும் அதற்கு ஈடாகாது. தூக்கமே வராத நிலை வாரக்கணக்கில் போனால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இப்போது வேலையை விடுவது பற்றி. மேலே சொன்னதையெல்லாம் ஒரு ஆவணி, ஒரு தை வரை செய்து பாருங்கள். பிறகும் மூச்சு முட்டினால், நெருக்கடி எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பாருங்கள். வீட்டைக் காட்டுவது, பேப்பர் வாங்குவது, பேங்குக்கு அலைவது, டோக்கன் போடுவது, பணம் வசூலிப்பது எல்லாம் ஒரே ஆள் தலையில் இருந்தால், பைல் பார்க்க ஒரு ஆள் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களைப் போல மூன்று பேர் சேர்ந்து கேட்டால் முதலாளி யோசிப்பார். ஒரு பைல் ஆளின் சம்பளம், தள்ளிப்போகிற ஒரு பத்திரத்தின் வட்டிக்கு வராது. இதே ஊரில் வேறு பில்டர்கள் அப்படி ஆள் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஆனால் அப்ரூவல் வராத வீட்டை விற்கச் சொல்கிறார்கள், கட்டி முடிக்கிற தேதி ஒவ்வொரு முறையும் தள்ளிப்போகிறது, அதற்குக் கஸ்டமரிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அங்கே எந்த நோட்டும் உதவாது. வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

அப்படிப் போவதானாலும் கோபத்தில் 30ஆம் தேதி ராஜினாமா பேப்பர் போடாதீர்கள். இந்த வேலையில் இன்சென்டிவ் பெரும்பாலும் பத்திரம் முடிந்த பிறகுதான் கைக்கு வரும். உங்கள் வேலைக் கடிதத்தில் அது எப்படி எழுதியிருக்கிறது, நோட்டீஸ் காலத்தில் முடிகிற பத்திரங்களுக்கு உண்டா இல்லையா என்று முதலில் படியுங்கள். நீங்கள் புக்கிங் போட்டு இன்னும் பதிவாகாத வீடுகளின் லிஸ்டை மேனேஜருக்கு மெயிலில் அனுப்பி, சரிதான் என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரங்கள் வரிசையாக முடிகிற மாசமாகப் பார்த்து, அந்த இன்சென்டிவ் அக்கவுண்டில் ஏறிய பிறகு ராஜினாமா கடிதத்தைக் கொடுங்கள்.